ஏழு மணி எலி

பார்த்து இறங்குங்க தம்பி. அந்த மூணாவது படியில் மட்டும் காலை வைக்காதீங்க. வெயில் அதுக்குக் கடைசியாத்தான் வரும், அதுவரைக்கும் பனி கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்கும். கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க. ஆங், அப்படித்தான்.

நீங்கதானே ஜாபர்? மேட்டுப்பாளையத்து மெக்கானிக்? நேத்து சாயங்காலம் திம்மராயன் போனில் சொன்னான். 'ஜாபர்னு ஒருத்தர் வருவார், காரை எடுத்துக் கொடுத்துடு சூசை'ன்னான். எதுக்குன்னு அவனும் சொல்லலை, நானும் கேக்கலை. சர்வீசா இருக்கும். மூணு வருஷமா நின்ன இடத்தில் நிக்குற கார், பின்னே சர்வீஸ் பண்ண வேண்டாமா? நான் சூசைராஜ். காருக்குக் காவல்.

ஸ்வெட்டர் கொண்டு வரலையா? கீழே இருந்து வர்றவங்க எல்லாரும் இப்படித்தான். லவ்டேல் ஸ்டேஷனில் இறங்கினதும் கையைக் கக்கத்தில் வச்சுக்குவாங்க. உள்ளே வாங்க, டீ போடறேன். கார் எங்கேயும் போயிடாது. இத்தனை நாள் போகலை, ஒரு டீ குடிக்கிற நேரத்திலா போயிடப் போகுது?

இந்தாங்க வர்க்கி, ஊட்டி பேக்கரியில் சுட்டது. சூடா இருக்கறப்பவே டீயில் தொட்டுச் சாப்பிடுங்க. கையில் எடுத்தா உதிரும், அது அப்படித்தான், உதிரலைன்னா அது வர்க்கியே இல்லை.

அது சரி, உங்க பையில் சாமான் கம்மியா இருக்கே? ஒயர் கொண்டு வரலையா? எலி கடிச்ச காராச்சே, திம்மராயன் சொல்லலையா உங்ககிட்ட? என்ன, ஒயர் வேண்டாம்னுட்டானா? மறதி. அவனுக்கு இப்பல்லாம் மறதி வந்துடுச்சு. எலிதான் இந்தக் காரோட முக்கியமான சங்கதியே. அதைச் சொல்லாம உங்களை அனுப்பி வச்சிருக்கான் பாருங்க.

நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. தெரிஞ்சுக்கிட்டுப் போனீங்கன்னா உங்களுக்கும் உபயோகமா இருக்கும்.

நானும் திம்மராயனும் மலை ரயிலில் பிரேக்ஸ்மேன். உங்க ஊரிலிருந்து குன்னூர் வரைக்கும் என்ஜின் பின்னால் இருந்து தள்ளும், இழுக்காது. பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்பக்கம் ஒரு சின்ன மேடை இருக்கும். அதில் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள் நிப்பான். அவன் முதல் பெட்டி, நான் ரெண்டாவது. தண்டவாளத்தில் கல் கிடக்கா, யானை நிக்குதான்னு முதல் பெட்டிக்காரனுக்குத்தான் தெரியும். டிரைவர் கடைசியில் இருக்கார், அவருக்கு ஒண்ணும் தெரியாது. திம்மராயன் பச்சைக் கொடி காட்டினா அதைப் பார்த்து நான் காட்டணும். என்னைப் பார்த்து எனக்குப் பின்னால் இருக்கிறவன் காட்டணும். அப்படியே டிரைவர் வரைக்கும் போகும். வளைவில் நான் வெளியே சாய்ஞ்சு எட்டிப் பார்ப்பேன். ஆள் தெரிய மாட்டான், கை மட்டும் தெரியும். இருபத்தாறு வருஷம் அந்தக் கையைப் பார்த்துக்கிட்டே மலை ஏறினேன்.

ரிட்டையரானதும் ரெண்டு பேரும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வீடு பிடிச்சோம். அதோ, நீல ஜன்னல் வீடு அவனுது. இப்போ பூட்டியிருக்கு. பழைய காரா ஒண்ணு வாங்கினான். வாங்கி எங்கே போனோம்னு கேக்காதீங்க. கொட்டகையை விட்டு இதோ இந்த ரோட்டு ஓரம் வரைக்கும் கொண்டாந்து நிறுத்துவான். ரெண்டு பேரும் உள்ளே உக்காந்து கண்ணாடியை ஏத்திக்குவோம். வெயில் ஏற ஏற உள்ளே கதகதன்னு இருக்கும். அவன் டிரைவர் சீட், நான் இந்தப் பக்கம். டீ, வர்க்கி, பேப்பர். பத்து மணிக்கு மறுபடி கொட்டகைக்குள்ளே விட்டுடுவான். பால்காரர் சிரிப்பார். 'ஏனுங்க, ரெண்டு பேரும் இன்னைக்கு எந்த ஊருக்குப் போயிட்டு வந்தீங்க'ன்னு கேப்பார்.

அப்புறம் அவனுக்கு மூச்சுத் தொந்தரவு வந்துச்சு. குளிர் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பொண்ணு சுகந்தி வந்து உங்க மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு. 'ரெண்டு மாசம்டா, குளிர் குறைஞ்சதும் வந்துடறேன்'னு சாவியை என் கையில் கொடுத்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதுக்கென்ன, காவலுக்கு ஓட்டத் தெரியணுமா?

இப்போ எலிக்கு வர்றேன்.

அந்த மார்கழியில் கீழ்க் காட்டில் உருளைக்கிழங்கு எடுத்து முடிச்சாங்க. காடு காலியானதும் அங்கே இருந்த எலி எல்லாம் மேலே ஏறிடுச்சு. ராத்திரி குளிர் எப்படின்னா, வாளித் தண்ணியில் மேலே ஒரு தட்டுப் பனிக்கட்டி நிக்கும். எலி என்ன பண்ணும், பாவம். இண்டு இடுக்கா, காத்துப் படாத இடமா தேடும். கார் பானெட்டுக்குள்ளே இருக்கறதை விட நல்ல இடம் அதுக்கு எது?

திம்மராயன் போனில் சொன்னான்னு ஒரு நாள் சாவியைப் போட்டுத் திருப்பினேன். கார் ஸ்டார்ட் ஆகலை. ஊட்டியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வந்து பானெட்டைத் திறந்தா, உள்ளே ஒரு குடித்தனமே நடக்குது. கேரட் தழை, பேப்பர், பஞ்சு. அதுக்கு மேலே சாம்பல் நிறத்தில் நூல். இது எங்கேயோ பார்த்த நிறமா இருக்கேன்னு பார்க்கறேன், என் குரங்குக் குல்லாய். கொடியில் காயப்போட்டது காணோம்னு நாலு நாளா தேடிக்கிட்டிருந்தேன். என் குல்லாயைப் பிரிச்சு மெத்தை போட்டிருக்கு. ஒயர் ரெண்டைக் கடிச்சு எறிஞ்சிருக்கு. மெக்கானிக் வேற ஒயர் போட்டுக் கொடுத்துட்டுப் போனார்.

திம்மராயனுக்குச் சொன்னேன். அவனுக்கு வந்துச்சே கோபம். எலி மேலே இல்லை, என் மேலே. 'ஒரு யானையை ஒரு மைலுக்கு முன்னாலேயே பார்த்துக் கொடி காட்டினவன்டா நான். உன்னால் ஒரு எலியைப் பார்த்துக்க முடியலையா'ன்னான். யானை பெரிசுடா, எலி சின்னதுடான்னேன்.

அன்னையிலிருந்து தினமும் காலையில் ஏழு மணிக்கு போன் வரும். எடுத்ததும் ஒரே கேள்வி. 'எலி வந்துச்சா?' எப்படி இருக்கே, சாப்பிட்டியா, ஒண்ணும் கிடையாது. எலி வந்துச்சா. அப்புறம் ஒரு அரை மணி நேரம் எலியை என்ன பண்றதுன்னு பேசுவோம். அவன் கீழே உக்காந்துக்கிட்டு திட்டம் போடுவான், நான் மேலே செய்வேன்.

முதல்ல பாச்சை உருண்டை. துணியில் முடிஞ்சு நாலு மூலையிலும் கட்டினேன். எலி அதை எடுத்து உருட்டி விளையாடிச்சு. அப்புறம் புகையிலை. அதுக்கும் அசரலை. நீலகிரித் தைலத்தில் துணியை நனைச்சு பேட்டரி பக்கத்தில் வைக்கச் சொன்னான். அது கொஞ்சம் கேட்டுச்சு. ஆனா தைல வாடை ரெண்டு நாளில் போயிடும், மறுபடி நனைக்கணும். காத்துப் போற ஓட்டைக்கெல்லாம் கம்பி வலை வெட்டி அடிச்சேன். கொட்டகைக் கதவுக்குக் கீழே இருந்த சந்துக்குத் தகரம். காரைச் சுத்தி சாம்பல் தூவி வச்சேன், காலையில் பார்த்தா கால் தடம் தெரியுமே. தெரியும். நாலு விரல் முன்னாலே, அஞ்சு விரல் பின்னாலே, நடுவிலே வால் இழுத்த கோடு.

பொறியும் வச்சேன். கருவாட்டுத் துண்டு வச்சதில் ஒண்ணு மாட்டுச்சு. இடது காது கிழிஞ்சது. கொல்ல மனசு வரலை, எடுத்துக்கிட்டுப் போய் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்தேன். மூணாம் நாள் அதே கிழிஞ்ச காது சாம்பலில் நடந்துக்கிட்டிருக்கு. திம்மராயன் சிரிச்சான். 'இது எலி இல்லைடா, நம்ம பழைய கார்டு. சத்தமில்லாம வருவான், கடிச்சுட்டுப் போவான்'னான். எங்க ரயிலில் கொடி காட்டற கார்டு ஒருத்தர் இருந்தார் தம்பி, அவரைச் சொல்றான். அன்னையிலிருந்து அந்த எலிக்குக் கார்டுன்னு பேர். 'கார்டு டியூட்டிக்கு வந்தானா? லீவா?' இப்படித்தான் கேப்பான்.

தினமும் காலையில் காரை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடணும்னு சொன்னான். பேட்டரிக்கும் நல்லது, எலியும் பயப்படும். அப்போ போனை என்ஜின் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுவான். சத்தத்தைக் கேப்பான். இப்பல்லாம் அந்தப் பக்கமும் சத்தம்தான். அவன் பொண்ணு எப்பவும் கிரைண்டரை ஓட விட்டுக்கிட்டே இருக்கும். 'என்னடா அது உர்ருன்னு'ன்னு கேட்டா 'சுகந்தி மாவு ஆட்டறா'ம்பான். தினமும் ஏழு மணிக்கு மாவு. வீட்டில் இருக்கிறது நாலு பேர், அத்தனை மாவை என்ன பண்றாங்களோ தெரியலை. இட்லிக் கடை ஏதும் வச்சிருக்காங்களா? இல்லையா? நீங்க ஏன் டீயைப் பார்த்துக்கிட்டிருக்கீங்க? ஆடை கட்டிடுச்சா? வேற போட்டுத் தரவா?

சரி, சரி, எழுந்திருக்கலாம். அவசரப்படறீங்களே. கொட்டகை இந்தப் பக்கம்.

எனக்கு இதில் ஒண்ணும் வருத்தம் கிடையாது தம்பி. சொல்லப்போனா பெரிய பாரம் இறங்குது. தினமும் தைலம் நனைக்கிறதும், சாம்பல் தூவறதும், காலையில் அந்தக் குளிரில் எழுந்து வந்து உக்கார்றதும், யாருக்கு வேணும்? தனியா இருக்கேனேன்னு சில பேர் நினைக்கிறாங்க. எனக்கு என்ன தனிமை? ஆறு மணிக்குப் பால்காரர் வர்றார். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறேன். கேஸ் சிலிண்டர்காரர் மாசம் ஒரு தடவை வர்றார், நின்னு பேசிட்டுத்தான் போவார். எனக்கு ஆளுக்கா பஞ்சம்?

இன்னைக்கு ஏழு மணிக்கு போன் வரலை. நீங்க வர்றீங்கல்ல, அதனால இருக்கும். காரே போகுது, அப்புறம் எலியைப் பத்தி என்ன கேக்கறது. சரிதானே.

இதோ. எப்படி வச்சிருக்கேன் பாருங்க. தூசி இருக்கா? தினமும் துடைக்கிறேன். பானெட்டை ராத்திரி திறந்தே வச்சிருப்பேன். மூடியிருந்தாத்தான் எலி நம்ம வீடுன்னு நினைக்கும். பார்த்துக் கையை வைங்க, கார்டு உள்ளே இருந்தாலும் இருப்பான். முந்தாநாள்கூட வந்துட்டான். இப்போ தனியா வர்றதில்லை, குடும்பத்தோட வர்றான். போன வாரம் ஒரு குட்டி ஸ்டியரிங் மேலேயே ஏறி உக்காந்திருந்துச்சு. திம்மராயன்கிட்டே சொன்னேன், 'லைசென்ஸ் இருக்கான்னு கேளுடா'ன்னான்.

என்ன சொன்னீங்க? எலி அத்தனை வருஷம் உயிரோட இருக்காதா? மலை எலி இருக்கும் தம்பி. குளிர்ப் பிரதேசம். எல்லாமே கெட்டுப் போகாம இருக்கும்.

அந்தக் கம்பி வலையா? ஆமா, நான் அடிச்சதுதான். நூலாம்படையா? இருக்கும். எலி வேற வழியா வந்திருக்கும்.

சீட்டுக்குக் கீழே என்ன பார்க்கறீங்க? ஐயையோ, அது எலிப் புழுக்கை இல்லை தம்பி. அது வர்க்கித் தூள். காலையில் என்ஜின் ஓடற பத்து நிமிஷம் நான் சும்மாத்தானே உக்காந்திருக்கேன். டீயும் ரெண்டு வர்க்கியும் எடுத்துக்கிட்டு வருவேன். என் பக்கத்து சீட்டில்தான். டிரைவர் சீட்டில் சாவியைத் திருப்பறதுக்கு மட்டும்தான் உக்காருவேன், திருப்பினதும் இந்தப் பக்கம் வந்துடுவேன். கொஞ்சம் உதிர்ந்திருக்கும்.

நிறையவா இருக்கு? மேல்பக்கம்தான் துடைப்பேன். சீட்டுக்கு அடியில் குனிய முட்டி விடறதில்லை.

என்ன தம்பி, அப்படிப் பார்க்கறீங்க?

ம்.

சரிதான். எலி இருக்கிற காரில் இத்தனை வர்க்கித் தூள் இருக்குமா. ஒரு பொட்டு மிச்சம் வைக்குமா. நீங்க நல்ல மெக்கானிக்தான். எனக்கு இது தோணவே இல்லை பாருங்க.

உக்காருங்க கொஞ்சம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்க. டிரைவர் சீட்தான், பரவாயில்லை.

கார்டு அந்த முதல் வருஷம் தை மாசத்திலேயே போயிட்டான். ஒரு நாள் காலையில் வந்து பார்க்கறேன், கொட்டகைக்கு வெளியே தகரத்தோரம் விறைச்சுக் கிடந்துச்சு. காது கிழிஞ்ச அதே எலி. மீசையில்கூடப் பனி. அன்னைக்கு ராத்திரி புல்லெல்லாம் வெள்ளையாப் போயிருந்துச்சு, அந்த மாதிரி குளிர். நான்தான் எல்லா வழியையும் அடைச்சுட்டேனே. அது வந்து சுத்திச் சுத்திப் பார்த்திருக்கு, சாம்பலில் தெரிஞ்சுது. தகரத்துக்கிட்டே எத்தனை தடவை வந்து போயிருக்குன்னு எண்ண முடியலை.

ஏழு மணிக்கு போன் வந்துச்சு. எலி வந்துச்சான்னான். இல்லைடா, இனிமே வராது, எல்லாம் முடிஞ்சுதுன்னேன். செத்துப் போச்சுன்னு சொல்ல வாய் வரலை. 'அப்போ சரி'ன்னான். போனை வச்சுட்டான்.

மறுநாள் ஏழு மணிக்கு போன் வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. நான் டீயை வச்சுக்கிட்டு இந்த சீட்டில் உக்காந்திருக்கேன். வெயில் வருது, கண்ணாடியெல்லாம் சொட்டுது, கார் கதகதன்னு ஆகுது. அந்த சீட்டு காலி. போனைப் பார்க்கறேன். கோபமா இருக்கானான்னா, இல்லை. கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லை, அவ்வளவுதான். நாங்க வேலையில் இருந்தப்பவும் பேசிக்கிட்டது கிடையாது தம்பி. கொடியைக் காட்டினா காட்டுவோம். பேசத் தெரியாது எங்களுக்கு.

நாலாம் நாள் நானே கூப்பிட்டேன். 'திம்மு, எலி வந்திருக்குடா'ன்னேன்.

அந்தப் பக்கம் அவன் எழுந்து உக்கார்றது எனக்குக் கேட்டுச்சு. கட்டில் கிறீச்சுன்னுச்சு. 'எந்தப் பக்கமா வந்தான்?' அப்படின்னான். குரலே மாறிப் போச்சு.

அதிலிருந்து தினமும் எலி வருது. கார்டுக்குக் கல்யாணம் பண்ணி வச்சேன். பொண்டாட்டி கோத்தகிரிக்காரின்னு சொன்னேன். நாலு குட்டி. ஒரு குட்டிக்குத் தும்மல், தைலத்தை மோந்து மோந்து வந்தது. சொல்லி வச்சதை மறந்துடக் கூடாதுன்னு நான் ஞாபகம் வச்சுக்குவேன். பொய்தான். காலையில் எழுந்ததும் ஜெபம் பண்ணிட்டு நேரா வந்து பொய் சொல்றேன். சாமியார்கிட்டே பண்ற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லலை. சொன்னா சாமியார் நிறுத்தச் சொல்லிடுவார்.

நீங்க அவன்கிட்டே இதைச் சொல்லிடாதீங்க தம்பி. அவன் நம்பிக்கிட்டிருக்கான்.

என்ன?

இன்னொரு தடவை சொல்லுங்க.

'அங்கே எலியெல்லாம் கிடையாது ஜாபர், ஒயர் எதுவும் தூக்கிக்கிட்டுப் போகாதே. அவர் எலின்னு சொன்னா ஆமான்னு கேட்டுக்கோ' அப்படியா சொன்னான்?

எப்படித் தெரியுமாம்?

ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகுதா. ஆமா, ஆகுது. தினமும் போனை என்ஜின்கிட்டே பிடிக்கச் சொல்லுவானே. எலி கடிச்ச கார் தினமும் ஒரே திருப்பில் எப்படி ஸ்டார்ட் ஆகும்னு அவனுக்குத் தெரியாதா. பிரேக் கட்டையில் தேய்மானத்தைச் சத்தத்திலேயே சொல்றவன் அவன். தெரிஞ்சுக்கிட்டே கேட்டிருக்கான். அந்தத் தும்மல் குட்டிக்குக் கஷாயம் கொடுடான்னு அவன்தான் சொன்னான். மிளகு போடச் சொன்னான். தெரிஞ்சுக்கிட்டே.

திருட்டுப் பயல்.

இருங்க, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன். பனி.

அப்போ இப்போ எதுக்குக் காரை எடுத்துக்கறான்? சர்வீஸ்னா முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து விடுவீங்கதானே? இல்லையா. வித்துட்டானா?

ஆஸ்பத்திரிக்கா. வாரத்தில் ரெண்டு தடவையா. யாருக்கு?

அவனுக்கா.

வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வச்சிருக்காங்களா. ராத்திரி பகல் மூக்கில் குழாய். பஸ்ஸிலெல்லாம் ஏத்த முடியலை, மருமகன் கார் வேணும்னு கேட்டார்... எத்தனை நாளா? ஒரு வருஷமாவா?

அந்த மெஷின் சத்தம் போடுமா தம்பி?

உர்ருன்னா.

நான் என்ன நினைச்சேன் பாருங்க. நாலு பேருக்கு எத்தனை மாவுன்னு. போன மாசம் அவன்கிட்டேயே கேட்டேன், 'உன் பொண்ணு கிரைண்டருக்கு லீவே கிடையாதா'ன்னு. சிரிச்சான். சிரிச்சு இருமினான். நீளமா இருமினான். 'வர்க்கி தொண்டையில் சிக்கிடுச்சு'ன்னான். மேட்டுப்பாளையத்தில் ஏது வர்க்கின்னுகூட நான் கேக்கலை.

குளிர் குறைஞ்சதும் வர்றேன்னு சொன்னான். சித்திரைக்கு வர்றேன்னு சொன்னான். போன சித்திரைக்கு அவன் வீட்டைப் பெருக்கி வச்சேன். ஜன்னலுக்கு நீலப் பெயின்ட் நான்தான் அடிச்சேன்.

அவன் இனிமே மேலே வர மாட்டான். அப்படித்தானே?

சரி.

எழுந்திருங்க தம்பி. டீ கொடுத்துக் கொடுத்து உங்களை உக்கார வச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்கு என்னைக்குப் போகணும்? நாளைக்கா? அப்போ இன்னைக்கே போயாகணும். டயரில் காத்து அடிக்கணும்ல, பம்பு கொண்டாந்திருக்கீங்களா? அடிங்க. நான் சாவியைப் போடறேன். பார்த்தீங்களா, ஒரே திருப்பு.

நகரலையா? தள்ளிப் பார்க்கலாமா? ஹேண்ட் பிரேக்கா? ஆமா, நான்தான் போட்டேன். பலமாத்தான் போட்டேன். சாவி என் கைக்கு வந்த முதல் நாளே போட்டது. அப்புறம் தினமும் காலையில் என்ஜினை நிறுத்திட்டு இறங்கறப்போ இன்னும் ஒரு பல்லு ஏறுதான்னு இழுத்துப் பார்த்துட்டுத்தான் இறங்குவேன். நின்ன வண்டிக்கு பிரேக் போடாம இறங்க எனக்கு வராது தம்பி. கை கேக்காது. மலை இது. இங்கே எதுவும் நின்ன இடத்தில் சும்மா நிக்காது, கீழேதான் போகப் பார்க்கும்.

இப்படிப் போட்டு வச்சா உள்ளே ஒட்டிக்குமா? மூணு வருஷமா ஈரத்தில் இறுகிப் போச்சா. எலி வராமப் பார்த்துக்கிட்டேன், இது தெரியாமப் போச்சே. பிரேக்ஸ்மேன்னு பேரு.

இருங்க, அந்தக் கம்பியை நான் இறக்கறேன். நான் போட்டது, நானே விடறேன். நுனியில் இருக்கிற பட்டனை அமுக்கணுமா? இத்தனை நாள் ஏத்தித்தான் பழக்கம், இறக்கினதில்லை. ம்... வருது. வந்துடுச்சு. இன்னும் சக்கரம் பிடிச்சிருக்கா? பின் சக்கரம் ரெண்டுலயும் சுத்தியலால் தட்டணுமா? தட்டுங்க. பயப்படாம தட்டுங்க. நான் பின்னால் இருந்து தள்ளிக்கிட்டிருக்கேன். எங்களுக்குத் தள்ளறது பழக்கம். இன்னொரு தடவை. அந்தப் பக்கம்.

கேட்டுச்சா?

விட்டுடுச்சு. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன்.

நீங்க ஏறுங்க. கைக்குட்டையில் நாலு வர்க்கி வச்சிருக்கேன், அவனுக்கு. டீயில் நல்லா ஊற வச்சுக் கொடுக்கச் சொல்லுங்க, இருமல் வந்துடப் போகுது. தைலப் பாட்டிலும் சீட்டிலேயே இருக்கு. அது காருக்கு, அவனுக்கு இல்லை.

தம்பி, அங்கே காரை எங்கே நிறுத்துவீங்க? வீட்டுக்குப் பின்னாலயா? கொட்டகை இருக்கா? சுவர் இல்லை, மேலே ஓலை மட்டுமா. பக்கத்தில் என்ன இருக்கு?

மாட்டுத் தீவனக் கடையா?

பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு எல்லாம் மூட்டை மூட்டையா அடுக்கியிருப்பாங்களே? அப்போ எலி இருக்குமே. இல்லாம இருக்குமா? உங்க ஊர் எலி மலை எலி மாதிரி இருக்காது, பெரிசா இருக்கும். மார்கழிக் குளிர் கீழேயும் கொஞ்சம் இருக்கும்ல? கொஞ்சம் இருந்தாப் போதும்.

ரோட்டு வளைவில் நான் போய் நிக்கறேன். அங்கே காய்கறி லாரி திடீர்னு திரும்பும், உங்களுக்கு இங்கேயிருந்து தெரியாது. நான் கை காட்டற வரைக்கும் நகராதீங்க. வெறும் கைதான், கொடியெல்லாம் இப்போ இல்லை. கை தெரிஞ்சதும் வாங்க. என் பக்கத்தில் வந்ததும் நிறுத்த வேண்டாம், அப்படியே போயிடுங்க. இறக்கத்தில் நிறுத்திக் கிளப்பறது கஷ்டம்.

அவன்கிட்டே ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரி காரைச் சுத்தி சாம்பல் தூவச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில் ஏழு மணிக்கு நான் கூப்பிடுவேன், எலி வந்துச்சான்னு கேப்பேன்.

வந்துச்சுன்னு சொல்லச் சொல்லுங்க.